இதயத்தில் படியும் சுண்ணம்

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், சேலத்தை ஒட்டினாற்போல் வெண்ணிறக் குன்றுகள் கிடப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். வெள்ளக்கல்பட்டி என்னும் ஊர்ப்பெயரே அவற்றிற்குச் சான்று. அந்த வெள்ளைக்கல் மேக்னசைட்; அதாவது மக்னீசியம் கார்பனேட். ஏற்காட்டைச் சேர்ந்த விடுதி நண்பர் ஒருவர், "இவ்வளவு கல்லும் சுண்ணாம்பும் உள்ள மண்ணின் தண்ணீரைக் குடிக்கிறோமே, இதயத்திலும் கல் படியுமா?" என்று கேட்டார். அவருடைய பாட்டிக்கு நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதாம். வயதாகிவிட்டது என்று வீட்டார் இருந்துவிட்டனர்.

மண்ணுக்கும் இதயத்திற்கும் உறவே இல்லை என்று கூறிவிட முடியாது. கேரளக் கடற்கரைப் பகுதிகளில் இளம் வயதினரைத் தாக்கிய ஓர் இதய நோயைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் டாக்டர் கர்த்தாவும் ஆராய்ந்தனர். நோயுற்ற இதயத் தசையில் சீரியம் மிகுந்தும் மக்னீசியம் குறைந்தும் இருக்கக் கண்டனர். சீரியம் அப்பகுதி மோனசைட் மணலில் உள்ள தனிமம். அதுவே காரணம் என்பது ஒரு கருதுகோள்தான்.

ஆனால் முதுமையில் இதயத்தில் படியும் சுண்ணத்தின் கதை வேறு. அது குடிதண்ணீரிலிருந்து நேரே வந்து ஒட்டிக்கொள்வதன்று. இரத்தத்திலுள்ள கால்சியத்தின் அளவை உடலின் சுரப்பிகள் கண்டிப்பாகக் காத்து வருகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடும் பெருந்தமனி வால்வு காலப்போக்கில் காயமுறுகிறது. அப்போது அதன் உயிரணுக்களுட் சில எலும்பு உயிரணுக்களைப்போல் நடந்துகொள்ளத் தொடங்குகின்றன! எலும்பில் உள்ளது போன்ற கால்சியம் பாஸ்பேட்டே அங்கும் படிகிறது. வால்வு விறைத்து, வழி குறுகுகிறது.

இங்கேதான் ஆண், பெண் வேறுபாடு வருகிறது. சி.டி. படத்தில் இச்சுண்ணத்தை அகட்ஸ்டன் என்னும் அலகால் கணக்கிடுவர். ஆணுக்கு 2000 அலகைத் தாண்டினால் கடுமையான குறுக்கம் இருக்கக்கூடும் என்பர். பெண்ணுக்கு 1200 அலகே போதும். உடலும் இதயமும் சிறியவை என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. பெண்களின் வால்வு சுண்ணத்தைவிட நார்த்திசுவால் மிகுதியும் தடிக்கிறது. ஆகவே ஆணுக்குரிய அளவுகோலைக் கொண்டு ஒரு மூதாட்டியின் படத்தைப் பார்ப்பவர், 'சுண்ணம் குறைவுதானே' என்று ஏமாறக்கூடும். விந்தை என்னவெனில், ஈரிதழ் வால்வைச் சுற்றிய வளையத்தில் படியும் சுண்ணம் முதிய பெண்களிடமே அதிகம்.

இரும்பைப் பற்றியும் ஒரு சொல். மாதவிடாய் நிற்கும்வரை பெண்ணுடலில் இரும்பின் சேமிப்பு குறைவு; நின்றபின் உயர்கிறது. பெண்களுக்கு இளமையில் மாரடைப்பு குறைவாயிருப்பதற்கு இதுவே காரணமென்று 1981-இல் சல்லிவன் என்பவர் கூறினார். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. அழகான கருத்துகள் யாவும் உண்மையாகிவிடுவதில்லை.

நண்பரிடம் தண்ணீரை விட்டுவிட்டு, பாட்டியின் மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். எக்கோ சோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. குறுகிய வால்வின் வழியே குருதி பாயும் வேகத்தை அது அளக்கிறது. நொடிக்கு 4 மீட்டரை எட்டினால் குறுக்கம் கடுமையானது. அந்த அளவு மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே.