பரு மாத்திரையும் கொட்டும் முடியும்

முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். கன்னத்தில் சீழ் கட்டி நின்ற பருக்கள் அடங்கி முகம் தெளிந்துவரும். அந்த நேரம் பார்த்துச் சீப்பை இழுத்தால் முடி கொத்தாக வரும், குளியலறைத் தண்ணீர் போகும் வழியை முடி அடைத்து நிற்கும். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் முதலில் உப்புத் தண்ணீரைக் குறை சொல்வார்கள். அடுத்து ஷாம்பூவை மாற்றுவார்கள். பிறகு ஒரு நாள் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் படித்தால், பக்கவிளைவுகளின் வரிசையில் முடி உதிர்தலும் இருக்கும். அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். எழுதிக்கொடுத்த மருத்துவருக்கு அது தெரியவே தெரியாது.

இப்படி நிறுத்துவதில் நஷ்டம்தான் அதிகம். அடங்கிய பரு மறுபடி கிளம்பலாம், முடி கொட்டுவதும் உடனே நிற்காது. ஏன் நிற்காது என்பது புரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மருந்தின் பெயர் ஐசோட்ரெடினாயின். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. 1979இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் தோல் மருத்துவர் கேரி பெக்கும் அவருடைய குழுவினரும், வேறு எந்தச் சிகிச்சைக்கும் மசியாத கட்டிப் பருக்களோடு வந்த 14 பேருக்கு இதைக் கொடுத்து, 13 பேருக்கு முகம் முழுவதுமாகத் தெளிந்ததாக அறிவித்தார்கள். 1982இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது, ரோஷ் நிறுவனம் ‘அக்யூட்டேன்’ என்ற பெயரில் விற்றது. தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருங்க வைப்பதுதான் இதன் முக்கிய வேலை. சாப்பிடுகிற அநேகமாக எல்லோருக்கும் உதடு காய்ந்து வெடிக்கிறது. வைட்டமின் ஏ உடம்பில் அளவுக்கு மிஞ்சினால் முடி கொட்டும் என்பது மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். அதே குடும்பத்து மருந்திலும் அந்தக் குணம் கொஞ்சம் இருக்கிறது.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும், பிறகு மூன்று மாதம் போல வளராமல் ஓய்ந்திருக்கும், அதன் பின் விழும். நாளுக்கு 50 முதல் 100 முடி இப்படி விழுவது இயல்பு. மருந்தோ, காய்ச்சலோ, பிரசவமோ ஒரே சமயத்தில் நிறைய முடிகளை ஓய்வுக்குத் தள்ளிவிட்டால் அவை அன்றைக்கே விழுவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து, மொத்தமாக விழுகின்றன. இன்று கையில் வரும் முடியின் கதை சென்ற பருவத்திலேயே முடிந்துவிட்டது. மாத்திரையை இன்று நிறுத்தினாலும், ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி விழுந்துதான் தீரும்.

விழுந்த முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு நுனியில் கடுகை விடச் சிறியதாக ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும். “வேரோடு வந்துவிட்டது, இனி முளைக்காது” என்று பலர் கலங்குவது இதைப் பார்த்துத்தான். அது ஓய்ந்துபோன முடியின் அடிநுனி. முளைக்க வேண்டிய வேர்ப்பை தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. காரணம் விலகியபின் சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு முடி திரும்ப வந்துவிடும். அடர்த்தி பழையபடி ஆக ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும், அந்த அளவோ அதற்கு மேலோ சாப்பிட்டவர்களில் 5.7 விழுக்காட்டினருக்கும் முடி உதிர்ந்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் தினமும் 20 மில்லிகிராம் சாப்பிட்டால் முதல் கூட்டத்தில் வருவார், 40 சாப்பிட்டால் இரண்டாவதில். ஆகவே முடி கொட்டுகிறது என்று சொன்னால், மருந்தை நிறுத்தாமல் அளவை மட்டும் குறைக்க மருத்துவருக்கு இடமிருக்கிறது. வாய் திறந்து சொன்னால்தான் அதைச் செய்ய முடியும்.

சொல்ல வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குற்றவாளி மாத்திரையாக இல்லாமலும் போகலாம். தாடைப் பக்கம் பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு, மோவாயில் தடித்த முடி, அகன்றுகொண்டே போகும் வகிடு ஆகியவை ஒரு பெண்ணிடம் சேர்ந்து வந்தால், பிசிஓஎஸ் எனும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிப் பருவைக் கிளப்பும் அதே ஆண்ட்ரோஜென் ஹார்மோன்தான் தலைமுடியை மெலியவும் வைக்கிறது. அங்கே பருவும் முடி உதிர்வும் ஒரு தாய்ப் பிள்ளைகள், நடுவில் வந்த மாத்திரைமேல் பழி விழுகிறது. ஆண்களுக்கும், பரு வாட்டும் வயதிலேயே நெற்றி ஏறத் தொடங்குவது உண்டு. டெங்கு, டைபாய்டு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, கல்யாணத்துக்காகப் பட்டினி கிடந்து எடை குறைப்பது என்று வேறு காரணங்களும் ஏராளம். முடி கொட்டத் தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னால் எண்ணி, அப்போது உடம்புக்கு என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. அவர் ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கிடையில் பிடித்து மெல்ல இழுத்து எத்தனை வருகிறது என்று பார்ப்பார், வகிட்டைக் கருவியால் பெரிதாக்கிப் பார்ப்பார், தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை எழுதுவார்.

“முடிதானே” என்று தட்டிக்கழிக்கும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இருபது வயதில் முடி கொட்டுவதைப் பார்ப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. முடி கொட்டலாம் என்று மருந்து எழுதும் முதல் நாளிலேயே சொல்லிவிட்டால், பாதியில் விட்டுவிட்டு ஓடுகிறவர்கள் குறைவார்கள் என்று நம்புகிறேன். கட்டிப் பரு விட்டுச்செல்லும் குழி வாழ்நாள் முழுக்க நிற்கும், இந்த முடி பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதையும் அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கொட்டுகிறதே என்று கடையில் கேட்டு வாங்கும் ‘முடி வைட்டமின்’ மாத்திரைகளில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. பலவற்றில் வைட்டமின் ஏ கலந்திருக்கும். மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையிலும் அது உண்டு. ஐசோட்ரெடினாயினோடு இவற்றைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. இத்தகைய மாத்திரைகளில் சேர்க்கப்படும் பயோட்டின் என்ற வைட்டமினும், அளவு அதிகமானால், தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

முடியைப் பற்றி இத்தனை கவலைப்படும் வீடுகளில் ஐசோட்ரெடினாயினின் உண்மையான ஆபத்து கவனிக்கப்படாமல் போகிறது. கருவில் இருக்கும் குழந்தைக்கு இது கடுமையான ஊனத்தை உண்டாக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்தியபின் ஒரு மாதம் வரையிலும் கர்ப்பம் தரிக்கவே கூடாது, அதே காலத்தில் ஆண், பெண் யாரும் ரத்ததானமும் செய்யக் கூடாது. மீந்த அட்டையைத் தங்கைக்கோ அறைத் தோழிக்கோ கொடுக்கும் பழக்கம் இந்த மருந்து விஷயத்தில் மிகப் பெரிய தவறு.

இந்த மாத்திரையால் வரும் உதிர்வு தலை முழுக்கப் பரவலாக இருக்கும். வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலைத்தோல் எரிந்தாலோ, முடி போன இடம் தழும்பு போல வழவழப்பாக இருந்தாலோ, அது வேறு நோய். தழும்பாகும் வகையில் வேர்ப்பையே அழிந்துவிடும் என்பதால் அந்த வாரத்திலேயே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.