மறுபடியும் தூரிகை எடுக்கலாமே!

"டாக்டர், கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா வரைவேன். இப்போ கம்ப்யூட்டர்லயே வரையலாம்னு பேரன் சொல்றான். இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

திருப்பாதிரிப்புலியூரில் என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை கேட்ட கேள்வி இது. கணவர் மறைந்த பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. "தேவைதான் அம்மா. மருந்தோடு இதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்றேன்.

அடுத்த மாதம் முகம் வாடி வந்தார். 'இலவசம்' என்று ஏதோ ஒரு மென்பொருளை இறக்கியிருக்கிறார்கள். முப்பது நாள் முடிந்ததும் பணம் கட்டச் சொல்லிப் பூட்டிக் கொண்டது. வரைந்த படங்களெல்லாம் உள்ளே! அதில் ஒன்று கணவரின் முகம். கடைசியில் ஒரு மாதப் பணத்தைக் கட்டித்தான் மீட்டார்கள்.

இலவசத்தில் இரண்டு வகை

சில நாள் ருசி காட்டிவிட்டுக் காசு கேட்பது ஒன்று. 'கட்டற்ற மென்பொருள்' என்பது மற்றொன்று. இதில் கெடு கிடையாது, பெரும்பாலும் கட்டணமும் கிடையாது. எத்தனை கம்ப்யூட்டரில் வேண்டுமானாலும் போட்டுக் கொள்ளலாம். நம் பக்கத்து விழுப்புரத்திலேயே இதைப் பரப்பும் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது.

உங்களுக்கு எது பொருந்தும்?

ஆளுக்கு ஆள் மருந்து மாறுவதைப் போலத்தான் இதுவும். முன்பு என்ன வரைந்தீர்கள் என்று யோசியுங்கள்.

* பென்சில், வாட்டர் கலர் பழக்கமா? கிரிட்டா. லேசாகக் கை நடுங்கினாலும் கோட்டைச் சீராக்கும் 'ஸ்டெபிலைசர்' வசதி இதில் உண்டு. பெரிய டேப்லெட்டிலும் ஓடும். சிறிய போனுக்கு ஏற்றதல்ல.
* பழைய போட்டோவைச் சரிசெய்யும் ஆசையா? ஜிம்ப். 1996 முதல் இருப்பது.
* கோலம், பார்டர் டிசைனா? இங்க்ஸ்கேப். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது.

அந்தந்த மென்பொருளின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கிரிட்டா, விண்டோஸ் கடையில் விலைக்கும் இருக்கும். அதன் தளத்தில் காசில்லை. மூன்றையும் ஒரே நாளில் போட்டுக் குழம்ப வேண்டாம். ஒன்றை ஒரு மாதம் பழகுங்கள். முதலில் மவுஸ் போதும். ஆசை நிலைத்தால் பேனா டேப்லெட் வாங்கலாம். முடித்த படத்தைப் பிஎன்ஜி வடிவிலும் ஒரு பிரதி சேமியுங்கள். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும்.

உடம்பையும் கவனியுங்கள்

* 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பாருங்கள். கண்ணை அடிக்கடி சிமிட்டுங்கள்.
* படிக்கும் கண்ணாடி திரைத் தூரத்துக்குச் சரிப்படாமல் போகலாம். கழுத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால், கண் மருத்துவரிடம் சொல்லி வேறு கண்ணாடி கேளுங்கள்.
* மணிக்கட்டு மடங்காமல் இருக்கட்டும். பேனாவை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.
* கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப் போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று பொருள் கொள்ளலாம். சர்க்கரை, தைராய்டு உள்ளவர்களுக்கு இது அதிகம். எண்ணெய் தடவிக்கொண்டே நாளைக் கடத்தாமல் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். புதிதாகக் கை நடுக்கம் வந்தாலும் அப்படியே.
* படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை மூடிவிடுங்கள்.

நானும் படிக்கும் காலத்தில் மூலிகைகளை நோட்டில் வரைந்தவன்தான். பிறகு விட்டுப் போயிற்று. ஆசிரியை அம்மாவைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. கிரிட்டாவில் முதலில் வரைந்தது, இந்த ஊருக்குப் பேர் கொடுத்த, பாடலீஸ்வரர் கோயில் தலமரமான பாதிரியின் பூ. இதழ் கோணலாகத்தான் வந்தது. அதனால் என்ன?

அந்த அம்மா இப்போது காலையில் அரை மணி நேரம் வரைகிறார். தூக்கம் முழுசாகத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால், "விடிஞ்சா ஒரு வேலை இருக்கு டாக்டர்" என்கிறார். அதுவும் ஒரு மருந்துதானே?