செல்ஃப் எடுக்கலையா? கடைக்குத் தள்ளும் முன் நாமே பார்ப்போம்



நம் வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் ஷூ கம்பெனிக்கும் தோல் கம்பெனிக்கும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகும் பெண்கள் பலர். 2018 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் பெற்று வாங்கியவர்கள் உண்டு. குழுக் கடனில் வாங்கியவர்களும் உண்டு. அந்த மானியத் திட்டம் இப்போது இல்லை. எனவே இருக்கிற வண்டியை நல்லபடியாக வைத்துக்கொள்வது நமக்கு முக்கியம்.

காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் செல்ஃப் எடுக்காவிட்டால் அரை நாள் சம்பளம் போகும். கடையில் "மோட்டார் போயிடுச்சும்மா" என்றால் நாமும் தலையாட்டிவிடுகிறோம். பல சமயம் கோளாறு அதுவாக இருக்காது.

முதலில் ஒரு கேள்வி: பட்டனை அமுக்கினால் இன்ஜின் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றும் சத்தம் நன்றாகக் கேட்டும் ஸ்டார்ட் ஆகலைன்னா பெட்ரோல், பிளக் பக்கம் பார்க்க வேண்டும். சுற்றவே இல்லைன்னா இன்ஜினைத் திறக்கும் முன் கரண்ட் பக்கம் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது கோளாறைத்தான் இங்கே பார்க்கிறோம்.

1. பிரேக்கை நன்றாகப் பிடித்துக்கொண்டு பட்டனை அமுக்குங்கள். பிரேக் பிடிக்காவிட்டால் செல்ஃப் எடுக்காது. ஒரு பிரேக்கில் எடுக்கலைன்னா மற்ற பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். அதில் எடுத்தால், முதல் பிரேக்கின் சுவிட்ச்தான் பழுது.

2. சைடு ஸ்டாண்டு மடங்கியிருக்கிறதா? புது வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு போட்டிருந்தால் ஸ்டார்ட் ஆகாது. இன்ஜின் ஆஃப் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள்.

3. சாவியை ஆன் செய்து ஹாரன் அடியுங்கள். சத்தம் மங்கலாக வந்தால் பேட்டரி பலவீனம். ஹெட்லைட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் அது எரியும்.

4. பட்டனை அமுக்கும்போது "டிக்" என்று மட்டும் கேட்டால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். பேட்டரி முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். சாவியை ஆஃப் செய்துவிட்டு, கழற்றும்போது முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. மாட்டும்போது முதலில் சிவப்பு, பிறகு கறுப்பு.

5. ஹாரன், இண்டிகேட்டர் எதுவுமே வேலை செய்யலைன்னா ஃபியூஸ் போயிருக்கலாம். அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். கம்பி, சிகரெட் பேப்பர் வைத்து ஓட்டினால் வயர் எரிந்துவிடும்.

கிக்கர் உள்ள வண்டியைச் சென்டர் ஸ்டாண்டு போட்டு உதைத்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு வேலைக்கும் போய்விடலாம். ஆனால் 2020-க்குப் பின் வந்த இன்ஜெக்ஷன் வண்டிகளில் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் கிக்கரிலும் எடுக்காமல் போகலாம். பெட்ரோலைத் தள்ளுவதற்கே கரண்ட் வேண்டும்.

பட்டனை ஒரு தடவைக்கு 5 விநாடிக்கு மேல் அமுக்காதீர்கள். சற்று இடைவெளி விட்டு அமுக்குங்கள். விடாமல் அமுக்கினால் இருக்கிற சார்ஜும் இறங்கும், மோட்டாரும் சூடாகும்.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது நமக்கு நினைவிருக்கும். அதுபோல வண்டி தண்ணீரில் மூழ்கியிருந்தால் செல்ஃபும் வேண்டாம், கிக்கரும் வேண்டாம். உள்ளே தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் இன்ஜினே உடையும். நேராக மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

கடையில் "பேட்டரி மாத்தணும்" என்றால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வண்டி நிற்கும்போது 12.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. 12-க்குக் கீழே என்றால் இறங்கிவிட்டது. முதலில் சார்ஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் பார்க்க வேண்டும். சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் வண்டி சார்ஜ் ஏற்றவில்லை. அதைச் சரிசெய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் சில நாளில் இறங்கிவிடும், காசு இரண்டு தடவை போகும்.

கடைக்குப் போனால் "செல்ஃப் எடுக்கலை" என்று மட்டும் சொல்லாமல், "டிக் சத்தம் வருது, ஹாரன் மங்கலா இருக்கு, கிக்கரில் எடுக்குது" என்று சொல்லுங்கள். வேலையும் சீக்கிரம் முடியும், தேவையில்லாத செலவும் குறையும். அடுத்த குழுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி, பேட்டரியும் ஃபியூஸும் எங்கே இருக்கின்றன என்று எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்.