இருளை நாடி ஒரு குடும்பப் பிரயாணம்

பிள்ளைகளுக்கு விடுமுறை வந்துவிட்டால், மலைக்குப் போகலாமா, கடற்கரைக்குப் போகலாமா, க்ஷேத்திராடனம் செய்யலாமா என்று யோசிக்கிற நம் குடும்பங்கள், நட்சத்திரங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு பிரயாணம் புறப்படலாம் என்பதை அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. பெருநகரத்திலே வளரும் குழந்தை, மொட்டைமாடியிலிருந்து கண்ணுக்குப் படுகிற சில நட்சத்திரங்களைக் கண்டு, வானம் இவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறது. நல்ல இருளிலே நின்று அண்ணாந்து பார்ப்பவர்களுக்கோ, வெறுங் கண்ணுக்கே ஆயிரக்கணக்கானவை புலனாகும். வீதியிலும் கடையிலும் எரிகிற விளக்குகளின் ஒளியில் ஒரு பங்கு வீணாக மேல்நோக்கிச் சென்று, காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் பட்டுச் சிதறி, ஊருக்கு மேலே வெளிறிய திரையாகக் கவிந்துவிடுவதே இந்த வித்தியாசத்துக்குக் காரணம்.

இந்தத் திரை படியாத இடங்களைக் கண்டறிந்து காப்பதற்கென்றே 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய ஸ்தாபனம் ஒன்று, இன்று ‘டார்க்ஸ்கை இன்டர்நேஷனல்’ என்ற பெயரோடு, தகுதியுள்ள வனங்களுக்கும் பூங்காக்களுக்கும் ‘இருள்வானப் பூங்கா’ என்னும் அங்கீகாரம் அளித்து வருகிறது. 2007-இல் யூட்டா மாநிலத்து நேச்சுரல் பிரிட்ஜஸ் முதலாவதாக அதைப் பெற்றது. 2024 ஜனவரியில், நம் தேசத்திலேயே முதலாவதாக, மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் பெற்றது. நாகபுரிக்கு வடக்கே அமைந்த இவ்வனத்தைச் சுற்றியுள்ள சில்லாரி, பிப்பரியா போன்ற கிராமங்களில், நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளை, ஒளி தரையை மட்டும் நோக்கி விழும்படி மாற்றியமைத்தார்கள் என்பது மனத்தில் வைக்கத்தக்க செய்தி.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் நாகபுரியில் நிற்பவையாதலால், சென்னைக் குடும்பத்துக்குப் பிரயாணம் சிரமமன்று. இதே பெயருள்ள காப்பகம் மத்தியப் பிரதேச எல்லைக்குள்ளும் உண்டு. ஆகவே மகாராஷ்டிரப் பகுதி என்று தெளிவாகக் கேட்டுத் தங்குமிடத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். புலி நடமாடும் காடாகையால், இரவு வேளையில் வனத்துறையார் அனுமதித்த இடத்துக்கு, அவர்கள் அனுப்பும் துணையோடன்றிப் போகலாகாது. லடாக்கின் ஹான்லேயில் வானம் இதனினும் தெளிவானதே. எனினும் அது நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், சிறு குழந்தைகளோடும் முதியவர்களோடும் முதன்முதலாகப் புறப்படுகிறவர்களுக்கு நான் பெஞ்சையே சிபாரிசு செய்வேன்.

இனி, நாள் குறிப்பது. மேகமில்லாத மார்கழி, தை, மாசி மாதங்களே உசிதம். நிலவொளியும் நட்சத்திரங்களை மறைப்பதால், ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்க்க வேண்டும். தேய்பிறை அஷ்டமிக்குப் பின்பு சந்திரன் உதயமாக நள்ளிரவாகும்; வளர்பிறைத் திருதியை வரையில் அது முன்னிரவிலேயே அஸ்தமித்துவிடும்; இடைப்பட்ட இந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில், பிள்ளைகள் விழித்திருக்கும் முன்னிரவு நேரம் நமக்கு முழு இருளாகக் கிடைக்கும்.

அங்கே சென்றதும் கண்ணுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். மங்கிய ஒளியை உணர்வதற்கு விழித்திரையில் உள்ள நிறப்பொருள், வெளிச்சத்தில் சிதைந்து, இருளில் மெல்ல மெல்ல மீண்டும் ஊறுவதாகையால், பார்வை பக்குவப்பட ஏறக்குறைய அரைமணி நேரம் பிடிக்கும். இடையிலே ஒருவர் கைப்பேசியைத் திறந்தாலும் அந்த அரைமணி நேரமும் பாழாகும். டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டிக்கொண்டால், சிவப்பொளி அப்பொருளை அதிகம் சிதைக்காது. கம்பளியும் ஜமுக்காளமும் அவசியம். மலிவான தொலைநோக்கியைக் காட்டிலும் நல்ல பைனாகுலரே பயன் தரும்.

ஜமுக்காளத்தில் மல்லாந்து படுத்துக்கொண்டால், தை மாதத்து முன்னிரவில் கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு அருகே தெரியும். கிழக்கே செந்நிறத் திருவாதிரையும், அதனருகே வரிசையாக மூன்று நட்சத்திரங்களும் தோன்றும். அம்மூன்றுக்கும் சற்றுத் தெற்கே பைனாகுலரைத் திருப்பினால் வெண்புகைபோல் தெரிவது, இன்றும் புதிய நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டிருக்கும் ஓரியன் நெபுலா. மேற்கு வானத்து ஆண்ட்ரோமிடா மண்டலத்தை நேராக உற்று நோக்கினால் அது மங்கும். பார்வையைச் சற்றே விலக்கினால் துலங்கும். மங்கிய ஒளியை உணரும் உயிரணுக்கள் விழித்திரையின் நடுவில் இல்லாமல் சுற்றிலும் நிறைந்திருப்பதே காரணம். அம்மண்டலத்திலிருந்து நம் கண்ணை வந்தடையும் ஒளி புறப்பட்டு இருபத்தைந்து லட்சம் ஆண்டுகள் ஆயின. வடக்கே துருவ நட்சத்திரத்தை நோக்கிக் கையை நீட்டி, தொடுவானத்திலிருந்து முஷ்டியால் அளக்கச் சொன்னால், முஷ்டி ஒன்றுக்குப் பத்துப் பாகையாக, இரண்டு முஷ்டிக்குச் சற்று மேலே அது நிற்பதைக் குழந்தை காணும். சென்னையிலோ அது ஒன்றரை முஷ்டி உயரம்கூட இராது. வடக்கே வந்திருக்கிறோம் என்பதற்கு ஆகாயமே சாட்சி சொல்வதைக் குழந்தை தன் கையாலேயே உணர்ந்துகொள்கிறது.

இப்பிரயாணத்தால் பிள்ளைகள் கற்க வேண்டிய முக்கியமான விஷயம், நம் ஊர் வானம் அழிந்துபோகவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது என்பதே. நதி மாசடைந்தால் தூய்மையாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். விளக்கைத் தாழத் திருப்பினாலோ அன்றிரவே அந்த அளவுக்கு வானம் தெளிகிறது. பெஞ்சின் கிராமத்தார் விளக்கைத் துறக்கவில்லை, அதன் முகத்தைத்தான் மாற்றினார்கள். நம் வீட்டு வாசலிலும், தெருவிலும், கோவில் மைதானத்திலும் அதைச் செய்வதற்கு யாருடைய அங்கீகாரத்துக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை.