பஞ்சும் பனுவலும்: நூற்புக்கு முந்தைய தொழிற்சொற்கள்

நூற்புக் கலையை ஆராய்வோர் இராட்டையையும் தறியையும் விரித்துரைப்பர். அவற்றிற்கு முன் நிகழும் பக்குவத் தொழிலைச் சுருங்கக் கூறி அமைவர். ஆயினும், கைத்திறனும் சொல்வளமும் செறிந்திருப்பது இத்தொழிலிலேயே எனலாம். இத்திறன் மறையுமாயின் அதற்குரிய வினைச்சொற்களும் பொருள் குன்றும் என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆந்திர மாநிலம் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துப் பொந்தூர், மெல்லிய கதராடைக்குப் பெயர்பெற்றது. அங்குப் பெண்கள் விதையோடு கூடிய பருத்தியை முதலில் வாலுக மீனின் தாடையெலும்பால் வாருகின்றனர். இம்மீனைத் தமிழில் வாளை என்பர். அதன் நுண்ணிய பற்கள் தூசியை நீக்கி, இழைகளை ஒருமுகப்படுத்துகின்றன. பின்னர்ச் சிறு பலகையில் இரும்புக் கோலை உருட்டி விதையைப் பிரிப்பர். பஞ்சை வில்லால் அடித்து நொய்தாக்குவர். திரியாக உருட்டி, உலர்ந்த வாழைப்பட்டையில் பொதிந்து வைப்பர். இதன் பின்னரே நூற்றல் தொடங்கும். நூறாம் எண் அளவிலான நுண்ணிழை கிடைப்பதற்கு இம்முன்தொழில்களே அடிப்படையாகும்.

பஞ்சுத் திரியைத் தெலுங்கில் 'ஏகு' என்பர். பஞ்சைப் பன்னுதலையும் அச்சொல் குறிக்கும். திரியே ஆப்பாக மாறியது என்னும் பொருள்பட 'ஏகு மேகாயிற்று' என அம்மொழியில் ஒரு வழக்கும் உண்டு. திரியின் மென்மையை அறியாதவர்க்கு அதன் நயம் விளங்காது. இதற்கு இனமான தமிழ்ச்சொல் 'எஃகுதல்' என்பதாம். இன்று எஃகு என்றவுடன் இரும்பு வகையே நினைவிற்கு வருகிறது. பஞ்சை விரலாற் பிரிக்கும் பொருள் அகராதியளவில் நின்றுவிட்டது. 'பன்னுதல்' என்பதற்குப் பஞ்சு நொடித்தல், ஆராய்ந்து சொல்லுதல் ஆகிய இரு பொருளும் உண்டு. 'பனுவல்' பஞ்சையும் நூலையும் குறிப்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்ததன் பின்னணி இத்தொழிலேயாகும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இது நேரடிப் பயனுடையது. ஐரோப்பியர் ஆளித் தண்டை ஊறவைத்து, தட்டி நார் பிரித்து, முட்சீப்பால் வாரி நூற்புக்கு ஆயத்தம் செய்வர். இந்தியாவில் ஆளி பெரிதும் விதைக்காகவே பயிரிடப்படுவதால், இந்நிலைகளை மொழிபெயர்ப்போர் 'சுத்தம் செய்தல்' என்று பொதுப்படக் கூறிவிட நேர்கிறது. தேங்காய் மட்டையை ஊறப்போட்டு அடித்து நார் பிரிக்கும் கயிற்றுத் தொழிலும், பருத்தியை வாரும் பொந்தூர்த் தொழிலும் இதற்கு உதவும். ஊறப்போடுதல், அடித்தல், வாருதல் என வழங்கும் சொற்கள் நம்மிடம் உள்ளன.

எனவே, களப்பணியாளர் சொல்லை மட்டும் எழுதிக்கொள்ளாது, கருவியையும் கையசைவையும் வரிசைமுறையையும் உடன் பதிவுசெய்தல் வேண்டும். செயல் இன்னதென அறியாதவிடத்து, அகராதியிலுள்ள சொல்லும் மொழிபெயர்ப்பாளர்க்குப் பயன்படாது.