“இது என்ன சாதிப் பூனை, மிஸ்?”

கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், சுயதொழில் கடன் விடயமாகச் சகோதரி ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். 2009இல் கணவரை இழந்தவர் அவர். அடுப்படியில் சாக்கின் மேல் மூன்று பூனைக்குட்டிகள் படுத்திருந்தன. தாய்ப்பூனை வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் என மூன்று நிறம். குட்டிகளில் ஒன்று செம்மஞ்சள், மற்றொன்று தாயைப் போல, கடைசி முழுக் கறுப்பு.

“இது என்ன சாதிப் பூனை, மிஸ்?” என்று மகள் கேட்டாள்.

“சாதியும் மண்ணும்! கறுப்பை எங்கேயாவது கொண்டுபோய் விடவேணும். சகுனம் கூடாதாம்” என்றார் தாய்.

இருவருக்கும் நான் சொன்னதை உங்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

இனம் வேறு, நிறம் வேறு

இனப்பூனை என்பதற்கு அதன் முன்னோர் பற்றிய எழுத்துப் பதிவு இருக்க வேண்டும். பாரசீகப் பூனை, சியாமியப் பூனை என்பன அத்தகையவை. நமது வீடுகளில் வளர்பவை பெரும்பாலும் எந்த இனத்தையும் சேராத குறுமயிர்ப் பூனைகளே. மயிர் நீண்ட குட்டியைக் காட்டி “பாரசீகப் பூனை” என்று எவரேனும் அதிக விலை கூறினால் ஏமாந்துவிடாதீர்கள். கண் நிறமும் சான்றாகாது. பிறந்த புதிதில் குட்டிகளின் கண்கள் நீலமாகவே இருக்கும்.

உடல் அடையாளங்களை நாமே இனங்காணலாம். வரிப்பூனையின் நெற்றியில் ஆங்கில ‘எம்’ எழுத்துப் போன்ற கோடு இருக்கும். உடலில் நான்கு வகை அடையாளங்கள் உண்டு:

• மீன்முள் போன்ற ஒடுங்கிய கோடுகள்
• விலாவில் சுருண்ட அகன்ற பட்டைகள்
• புள்ளிகள்
• உடலில் கோடின்றி, ஒவ்வொரு மயிரிலும் வெளிர்நிறமும் கடும்நிறமும் மாறிமாறி வருவது

நான்காவது வகையை நம் நாட்டில் தாராளமாகக் காணலாம். 1984இல் இத்தாலியர் ஒருவர் இங்கிருந்து கொண்டுசென்ற பூனைகளிலிருந்தே ‘சிலோன் பூனை’ என்னும் இனம் அங்கு உருவாக்கப்பட்டது. இங்கே தெருப்பூனை, அங்கே பதிவு எழுதியதும் உயர்ந்த இனம்!

நிறம் எப்படி வருகிறது?

செம்மஞ்சளைத் தீர்மானிக்கும் பரம்பரை அலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் அதனை அடையாளங்கண்டு 2025இல் வெளியிட்டனர். பெண்பூனைக்கு எக்ஸ் இரண்டு. ஆகவே ஒன்றில் செம்மஞ்சளும் மற்றதில் கறுப்பும் அமைந்து, உடலில் இரண்டும் திட்டுத்திட்டாகத் தோன்றலாம். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே. இதனால்தான் மூன்று நிறப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெண்கள்.

கறுப்புக்கும் காரணம் உண்டு. வரிகளை மறைக்கும் பரம்பரை அலகு தாய், தந்தை இருவரிடமிருந்தும் கிடைத்தால்தான் குட்டி முழுக் கறுப்பாகும். கறுப்புக் குட்டியை முற்றத்து வெயிலில் பிடித்துக் காட்டினேன். மங்கலாக வரிகள் தெரிந்தன. “அம்மா, இதுவும் வரிப்பூனைதான்!” என்று சிறுமி துள்ளினாள்.

தாய் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அவர் இல்லாமப் போனதிலிருந்து கலியாண வீட்டில நானும் முன்னுக்கு நிக்கிறேல்லை, மிஸ். அதுவும் சகுனம் எண்டுதானே” என்றார்.

நான் பதில் தேடிக்கொண்டிருக்க, அவர் குட்டியை என் கையிலிருந்து வாங்கிச் சாக்கின் மேல் விட்டார்.

சகோதரிகளே, மயிரின் நிறத்தில் அபசகுனம் இல்லை. பொட்டு இல்லாத நெற்றியிலும் இல்லை. இரண்டும் சனம் எழுதிவைத்த பதிவுகள். அவற்றை மாற்றி எழுதலாம்.

கவனிக்க வேண்டியவை

• குட்டிக்கு மூன்று மாதமானதும் மிருக வைத்தியரிடம் விசர்நோய்த் தடுப்பூசி போடுங்கள்.
• பெண்குட்டி ஆறு மாதத்துக்கு முன்னரே சினைப்படக்கூடும். கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றி நேரத்துடன் கேட்டறியுங்கள்.
• பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

அடுத்த மாதம் சென்றபோது நெல்மூட்டையடியில் கறுப்புக்குட்டி எலிக்குக் காவலிருந்தது. சிறுமி அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சிலோன்’.