கலகாரியில் ஒரு குடும்பம்

பிள்ளைகளோடு அமர்ந்து காணும் தொலைக்காட்சித் தொடரில் மரணம் இடம்பெறலாமா? 2005-இல் தொடங்கிய ‘மீர்கேட் மேனர்’ இவ்வினாவை எழுப்பியது. தென்னாப்பிரிக்காவின் கலகாரிப் பாலைநிலத்தில், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டிம் கிளட்டன்-பிராக் 1993-இல் தொடங்கிய ஆய்விற்குரிய மீர்கேட் கூட்டங்களே அதன் கதைமாந்தர். கீரியினச் சிறு விலங்குகள் அவை.

கூட்டத் தலைவி பிளவர் பாசமிக்க தாய்; ஆயினும் கருவுற்ற தன் மகளையே கூட்டத்தினின்றும் விரட்டியவள். (தன் குட்டிகளுக்குப் போட்டி வாராதிருக்கத் தலைவியர் கையாளும் வழக்கம் இது!) 2007 ஜனவரியில் பாம்பு தீண்டி அவள் மாண்டாள். ஆய்வாளர்கள் இயற்கையின் போக்கில் தலையிடுவதில்லை. ‘ஏன் காப்பாற்றவில்லை?’ என்று பார்த்தோர் சிலர் சினந்தனர். அம்மரணத்தை மறையாது காட்டியதே நேர்மை என்போம். குழந்தை அழுதால் அருகில் பெற்றோர் இருக்கட்டும்.

பிளவருக்குப்பின் தலைமையேற்றவள், அவள் மகள் ராக்கெட் டாக்.